எங்க வீட்டம்மா

"இந்த ஊர்ல யாராவது உன்னை ஆயான்னு நெனைச்சா, நான் பாதி மீசையை எடுத்துக்கறேன்" என்றான் கணவன், பாத்திரப் பெட்டியின் டேப்பைப் பல்லால் கடித்துக் கிழித்தபடி.

"முதல்ல மீசையை வை. எடுக்கிறதை அப்புறம் பாப்போம்."

அவனுக்கு மீசை முளைத்தாலும் தெரியாது. அப்படி ஒரு வெள்ளைக்கார வெளுப்பு, வைக்கோல் நிறத்தில் முடி. எட்டு மாத மகள் அச்சு அசல் அப்பாதான். அம்மாவின் கறுப்பில் ஒரு பொட்டுகூட ஒட்டவில்லை.

அதனால் பெருநகரத்து இருபதாவது மாடியில் அவள் பட்டது கொஞ்சநஞ்சமல்ல. லிஃப்டில் ஒருத்தி, "குழந்தையை நல்லா பாத்துக்கறியே, எங்க வீட்டுக்கு வர்றியா?" என்று ஆள் பிடித்தாள். தடுப்பூசி போடப் போன இடத்தில் நர்ஸ், "குழந்தையோட அம்மாவை வரச் சொல்லும்மா, கையெழுத்து வேணும்" என்றாள். அன்று குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதவளைப் பார்த்த பிறகுதான் கணவன் இந்தப் புறநகரில் வீடு தேடினான். சின்ன வீடு, பின்னால் கையகலத் தோட்டம், தெருமுனையில் பூங்கா.

எல்லாம் சரி, பேச ஒரு ஆள் வேண்டுமே! கணவன் காலை ஏழு மணி ரயிலைப் பிடித்தால் இருட்டித்தான் திரும்புவான். மூன்று நாள் அவள் வாஷிங் மெஷினோடு பேசிக்கொண்டிருந்தாள்.

நாலாம் நாள் பூங்கா பெஞ்சில் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். இவளைப் போலவே நல்ல கறுப்பு. இவளைவிட நாலைந்து வயது கூட இருக்கும். பக்கத்துத் தள்ளுவண்டியில் செம்பட்டைத் தலையோடு ஒரு கைக்குழந்தை, தக்காளிப் பழம்போல. இவளைக் கண்டதும் வாயெல்லாம் பல்லாகச் சிரித்து, நகர்ந்து இடம் விட்டாள்.

எதையாவது பேசி ஒட்டிக்கொள்ள வேண்டும் என்று இவளுக்கு ஒரே பரபரப்பு.

"பையன் துறுதுறுன்னு இருக்கானே! ரொம்ப நாளா இவங்க வீட்ல வேலை பாக்கறீங்களாக்கா?"

அக்கா குனிந்து குழந்தையின் தொப்பியைச் சரிசெய்தாள். "இவன் பொறந்ததுலேருந்து. நீ?"

தான் வீட்டம்மா என்று தெரிந்தால் எழுந்து போய்விடுவாளோ என்று இவளுக்குப் பயம். "நானும் அப்படித்தான்க்கா" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

அதற்குப் பிறகு தினமும் மூன்று மணிக்கு அந்த பெஞ்சுதான். இருவர் வாயிலும் அகப்பட்டவர்கள் வீட்டம்மாக்கள்.

"எங்க வீட்டம்மா மகா சோம்பேறிக்கா. குடி வந்து பத்து நாளாச்சு, இன்னும் பாதிப் பெட்டி பிரிக்கலை."

அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "எங்க வீட்டம்மா அப்படி இல்லைப்பா. அழகு, அறிவு, கைப்பக்குவம், எல்லாம் ஒண்ணா சேர்ந்தவங்க. அவங்களைக் கட்டிக்க அந்த மனுஷன் கொடுத்து வச்சிருக்கணும்."

இந்தக் காலத்தில் இப்படியும் ஒரு விசுவாசமா என்று இவள் அசந்து போனாள்.

நாலு மணிக்கு ஏதாவது ஒரு குழந்தை பசியில் சிணுங்கும். "ஐயோ, வீட்டம்மா தேடுவாங்க!" என்று இரண்டு பேரும் அரக்கப்பரக்க எழுந்திருப்பார்கள். அக்கா பச்சை கேட் வீட்டுக்குள் நுழைவாள். இவள் மகள் புட்டியைத் தொடவே மாட்டாள். பூங்காவில் வைத்துப் பசியாற்றினால் குட்டு உடைந்துவிடும். பால் கசிந்த சட்டை தெரியாமல் ஸ்வெட்டரை இழுத்து மூடிக்கொண்டு, வண்டியை ஓட்டமும் நடையுமாக வீட்டுக்குத் தள்ளுவாள்.

சனிக்கிழமை காலை கணவன் குண்டைத் தூக்கிப் போட்டான். "நாளைக்குச் சாயங்காலம் டீக்கு ஒரு குடும்பத்தைக் கூப்பிட்டிருக்கேன். பச்சை கேட் வீடு. ரயில்ல பழக்கமானார், செம்பட்டை முடி. மனைவி, குழந்தையோட வர்றாராம்."

பச்சை கேட் என்றால் அக்கா வேலை பார்க்கும் வீடு! குழந்தையைத் தூக்கிக்கொண்டு அக்காவும் வருவாள். ஆயாவாக ஒரு மூலையில் நிற்பாள். இவள் வீட்டம்மாவாக கேக் வெட்டி நீட்டுவாள். இந்த ஊரில் கிடைத்த ஒரே ஒரு தோழி. அவளும் கையை விட்டுப் போகப் போகிறாள்.

"என்ன, பேயறைஞ்ச மாதிரி இருக்கே?"

எல்லாவற்றையும் கொட்டினாள். கணவன் சிரிக்கவில்லை. மகளை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "இப்பவே போய் உண்மையைச் சொல்லிடு" என்றான்.

பச்சை கேட்டைத் தள்ளிக்கொண்டு போய் மணியை அழுத்தினாள்.

"கதவு திறந்துதான் இருக்கு, வாங்க!" அக்காவின் குரல்தான்.

உள்ளே ஒரு காலை வைத்து, மிதியடியைப் பார்த்தபடியே மூச்சு விடாமல் ஒப்பித்தாள். "அக்கா, என்னை மன்னிச்சுடுங்க. நான் ஆயா இல்லை. அந்தச் சோம்பேறி வீட்டம்மாவே நான்தான். சொன்னா என்கூடப் பேச மாட்டீங்களோன்னு பயந்து பொய் சொல்லிட்டேன்."

"தெரியும். பாப்பா அழுதா நீ ஸ்வெட்டரை இழுத்து மூடிக்கிட்டு ஓடுறது எதுக்குன்னு எனக்கா தெரியாது?"

"அப்புறம் ஏன்க்கா ஒரு வார்த்தைகூடக் கேக்கலை?"

"முதல் நாள் உன்னையும் பாப்பாவையும் பாத்ததும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஊர்ல யார் வேணா என்னை அந்தக் கேள்வி கேக்கட்டும், இவ ஒருத்தி கேக்க மாட்டான்னு நெனைச்சேன். உக்காந்ததும் நீயே கேட்டே."

இவள் தலை நிமிர்ந்தாள். சோபாவில் தோளோடு துண்டைப் போர்த்தி உட்கார்ந்திருந்தாள் அக்கா. துண்டுக்கு அடியிலிருந்து இரண்டு சிவந்த பிஞ்சுக் கால்கள் நீட்டிக்கொண்டிருக்க, உள்ளே சப்புக்கொட்டிப் பால் குடிக்கும் சத்தம் கேட்டது.