மெத்தை லாரி

ஒன்டேரி இருபது வருடம் லாரி ஓட்டியவன். சிமெண்ட் ஏற்றியே முதுகு போயிற்று. தக்காளி ஏற்றினால் அழுகுவதற்குள் ஓட வேண்டும். மாடு ஏற்றினாலோ மைலுக்கு ஒருதரம் இறங்கி, விழுந்து கிடப்பதைத் தூக்கி நிறுத்த வேண்டும். போதுமடா சாமி என்று ஸ்டீயரிங்கை விட்டுவிட்டு லாரி திருட ஆரம்பித்தான். அதிலும் ஒரு தடவை உள்ளே போய் வந்தாயிற்று.

"இன்னொரு தடவை ஜெயிலுக்குப் போனா, திரும்பி வர்றப்ப வீட்டுல நானும் இருக்கமாட்டேன், புள்ளைங்களும் இருக்காது" என்று மனைவி கெருபோ சொல்லிவிட்டாள். அவள் சொன்னால் செய்கிறவள். அதனால் இதுதான் கடைசித் திருட்டு, அதுவும் நோகாத சரக்காகப் பார்த்து என்று முடிவு கட்டியிருந்தான்.

சல்கா லாரிப் பேட்டையின் டீக்கடையில் அன்று காலை அந்தச் சரக்கு தானாகவே வந்து மாட்டியது.

"என்ன லோடுன்னு கேக்குறீங்களா அண்ணே? மெத்தை" என்றான் எதிரே உட்கார்ந்திருந்த டிரைவர் சிமியு. "முந்நூறு ஃபோம் மெத்தை, கம்பாலாவுக்கு. ஏத்தத்துல பஸ்ஸையே முந்துறேன். எடை மேடையில போங்கடான்னு கைய ஆட்டிடுறாங்க. மாமியார் வீட்டு விருந்துக்குப் போற மாதிரி போய்க்கிட்டிருக்கேன்."

முன்பின் தெரியாதவனிடம் என்ன லோடு என்று அந்த ரோட்டில் எவனும் வாயைத் திறக்கமாட்டான். பிழைக்கத் தெரியாத பயல் என்று ஒன்டேரிக்குப் பாவமாகக்கூட இருந்தது.

"குடுத்து வெச்சவன்டா தம்பி. இந்தா, என் கணக்குல ஒரு டீ குடி."

டீயில் இரண்டு மாத்திரை கரைந்திருந்தது. சிமியு ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "இன்னொண்ணு கிடைக்குமாண்ணே?" என்றான். அது வருவதற்குள் மேஜைமேல் தலை சாய்ந்துவிட்டது. ஒன்டேரி அவன் சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு நடந்தான்.

அடடா, என்ன சுகம். மாவ் மலை ஏற்றத்தில் லாரி தக்கையாக ஏறியது. கியரை மாற்ற வேண்டிய வேலையே இல்லை. இருபது வருடத்தில் ஒரு முதலாளியாவது இப்படி ஒரு லோடு கொடுத்திருந்தால் நான் ஏன் திருடனாகிறேன் என்று நொந்துகொண்டான்.

எல்புர்கோன் பக்கம் ஒரு மரக்கொட்டகைக்குள் லாரியை நிறுத்தி, பின்கதவைத் திறந்தான்.

உள்ளே ஒரு மெத்தைகூட இல்லை.

அவன் வாயை மூடுவதற்குள் வாசலில் போலீஸ் ஜீப் வந்து நின்றது. டீக்கடைக்காரி லாரி நம்பரைச் சொல்லிவிட்டிருந்தாள்.

"முந்நூறு மெத்தையை அதுக்குள்ள எங்கடா இறக்கினே?" என்றார் சார்ஜென்ட்.

"சத்தியமா காலியாத்தான் சார் இருந்துச்சு."

"இருபது வருஷம் ஓட்டினவன், லோடு இருக்கா இல்லையான்னு தெரியாமலா ஓட்டிட்டு வந்தே?"

"மெத்தை சார் அது. இருந்தாலும் இப்படித்தான் ஓடும்."

சார்ஜென்ட் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஒன்டேரிக்கு அழுகை வந்துவிட்டது. கெருபோ இந்நேரம் துணிமணிகளை மூட்டை கட்ட ஆரம்பித்திருப்பாள்.

முகத்தில் தண்ணீர் அடித்து எழுப்பிய சிமியுவை ஜீப்பிலிருந்து இறக்கினார்கள். காலி லாரியைப் பார்த்ததும் அவன் தலையில் அடித்துக்கொண்டான்.

"ஐயோ, முதலாளிக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?"

"அழாதேப்பா, உன்மேல என்ன தப்பு? நாங்க எழுதித் தர்றோம்" என்று தட்டிக் கொடுத்துவிட்டு, விலங்கு எடுக்க ஜீப் பக்கம் போனார் சார்ஜென்ட்.

சிமியு கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒன்டேரியின் காதருகே குனிந்தான்.

"கோவிச்சுக்காதீங்கண்ணே. மெத்தைய முந்தாநாளே நக்குருல வித்துட்டேன். லாரியைத் திருட ஒரு புண்ணியவான் வரமாட்டானான்னு ரெண்டு நாளா கடை கடையா டீ குடிச்சே வயிறு வீங்கிப்போச்சு."