இருபத்தைந்தாவது தட்டு

முதல் அநீதி, கழிப்பறை இல்லை என்று திருப்பி அனுப்பியது. இரண்டாம் அநீதி, கழிப்பறை கட்டியதும் வேலி எங்கே என்று கேட்டது. மூன்றாம் அநீதி, வேலி போட்டதும் பிள்ளைகள் போதாது என்றது.

இந்த வரிசையை யார் மாற்றிச் சொன்னாலும் நயினாருக்குக் கோபம் வரும். துண்டறிக்கையில் அப்படித்தான் அச்சடித்திருந்தார். கீழே கொட்டை எழுத்தில் ஒரு கேள்வி: 'லைன் வீட்டுப் பிள்ளைக்கு ஒரு நீதி, வேன் ஏறும் பிள்ளைக்கு ஒரு நீதியா?'

ஒரகடத்துக் கம்பெனிகளுக்குப் பின்னால், ஒப்பந்தத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளில் ஒன்றில்தான் அந்த மழலையர் கூடம். தங்கமாரி இரண்டு வருஷமாகச் சம்பளமில்லாமல் நடத்திவருகிறாள். அரசாங்கம் அதை அங்கன்வாடியாக ஏற்றுக்கொண்டால் பிள்ளைகளுக்கு முட்டையும் சத்துமாவும் வரும், அவளுக்கும் சம்பளம் வரும். இந்தத் தடவையும் இல்லை என்றால் திங்கட்கிழமை முதல் கம்பெனிப் பேக்கிங் வேலைக்குப் போகப்போவதாகச் சொல்லிவிட்டாள். அவள் போனால் கூடத்துக்குப் பூட்டுதான்.

நான்காம் தடவையாக இன்று அங்கன்வாடி மேற்பார்வையாளர் சசிகலா வந்திருந்தார்.

நயினார் சும்மா விடுவாரா? திருநெல்வேலிப் பக்கமிருந்து வேலைக்கு வந்து, சங்கம் வைத்து, அதனால் வேலை போய், அதற்குப் பிறகும் இருபது வருஷமாகக் கொடி பிடிக்கிறவர். நைட் ஷிப்ட் முடிந்து படுத்தவர்களைக்கூட எழுப்பி வந்து தெருவை அடைத்து நிறுத்திவிட்டார். சாட்சி வேண்டுமாம்.

"மூணு தடவ ஏமாத்தியாச்சி. இன்னைக்கு ஒவ்வொரு பேரா சத்தமா வாசிங்க. ஊரே சாட்சி" என்றார். பிறகு மெயின்ரோட்டை ஒரு பார்வை பார்த்துக்கொண்டு, "சீக்கிரம் முடிங்க. பன்னிரண்டரைக்கு எனக்கு வேற சோலி கெடக்கு."

சசிகலா, ஓடுகிற பிள்ளைகளை எண்ண முடியாது என்று, எல்லோரையும் சாப்பாட்டுத் தட்டோடு உட்காரவைக்கச் சொன்னார். சமையல் பார்க்கும் ஞானம்மா தட்டுக்குத் தட்டு தக்காளி சாதம் வைத்துக்கொண்டு போக, பின்னாலேயே பெயர் வாசித்து எண்ணிக்கொண்டு போனார்.

இருபத்தைந்து வேண்டும். இருபத்தைந்தாவது தட்டில் நின்றுவிட்டார்.

அங்கே அதே தெருப் பேச்சியின் மகள் தலையைக் குனிந்து, வாயை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்துப் பிள்ளைகளைவிட ஒரு சாண் உயரம்.

"வாயைத் திற பாப்பா."

திறந்தாள். முன்பல் இரண்டும் இல்லை.

பல் விழுகிற வயதில் அங்கன்வாடியா, எந்த வகுப்பு படிக்கிறாய் என்று சசிகலா கேட்டார். அந்தப் பிள்ளை எழுந்து கையைக் கட்டிக்கொண்டு, "ரெண்டாப்பு, பி செக்ஷன், டீச்சர்" என்றது.

கூட்டம் சிரித்துவிட்டது. ஞானம்மா கரண்டியோடு தலையில் அடித்துக்கொண்டாள். "வாயத் தொறக்காதன்னு எத்தினி தபா சொன்னேன். முட்டாய் வேற வாங்கிக் குட்த்தேன்."

பாப்பா வெளியே போயிற்று. சோறு வைத்த தட்டு மட்டும் ஆள் இல்லாமல் இருந்தது. தங்கமாரி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

இந்தத் தெருவில் வயதுக்குத் தகுந்த பிள்ளை இன்னும் ஒன்றே ஒன்று கிடைத்தால் இப்போதே கையெழுத்துப் போடுகிறேன் என்றார் சசிகலா.

நயினாருக்கு அது போதும். வாசலில் நின்று துண்டறிக்கையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டார். பேச ஆரம்பித்தால் அவருக்குக் கடிகாரம் மறந்துபோகும். ஒரு தட்டுக்காக இருபத்துநான்கு வயிற்றில் அடிப்பதா என்றார். கோட்டை வரைக்கும் போவேன் என்றார். அப்புறம் குரல் தெருப் பக்கம் திரும்பியது.

"அரசாங்கத்துக் குத்தம் மட்டும் இல்ல. நம்மள்லயும் ஒருத்தன் இருக்கான். ஏழைப் பிள்ளைகளோட உக்காந்தா எம்பிள்ள கெட்டுப்போவும்னு நெனைக்கவன். எவம்லே அவன்? அவன் மொகத்த இந்த ஊரு பாக்கட்டும்."

தங்கமாரி குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீர் பிடிப்பதுபோல் திரும்பிக்கொண்டாள். ஞானம்மா சோற்றுப் பாத்திரத்துக்குள்ளேயே தலையை விட்டுவிட்டாள்.

அப்போது ஹாரன் சத்தம். மஞ்சள் வேன் ஒன்று தெருவுக்குள் திரும்பி, அடைத்து நின்ற கூட்டத்தைத் தாண்ட வழியில்லாமல் கூடத்து வாசலிலேயே நின்றது. கதவு திறந்தது. டையும் ஷூவும் வாட்டர் பாட்டிலுமாக ஒரு குட்டிப்பெண் குதித்தாள். யாரையும் பார்க்கவில்லை. தக்காளி சாதத்தின் வாசம் பிடித்து நேராக உள்ளே ஓடி, ஆள் இல்லாத தட்டின் முன்னால் சப்பணமிட்டு உட்கார்ந்து, ஒரு கவளம் வாயில் போட்டுக்கொண்டாள்.

நயினாரின் பேச்சு பாதியில் நின்றது.

சசிகலா குனிந்து வயதைக் கேட்டார். நான்கு விரல் காட்டினாள். வாயைத் திறக்கச் சொன்னார். சோற்றுக்கு நடுவே பல் எல்லாம் இருந்தது. பெயரைக் கேட்டதும் அவர் காதோடு ஏதோ சொல்லிவிட்டு, சோற்றுக் கையை வாசல் பக்கம் நீட்டிக் காட்டினாள்.

சசிகலா நிமிர்ந்து வாசலைப் பார்த்தார்.

"நாளையிலேருந்து இவ இங்கேதான் வருவான்னா எழுதிடறேன். சத்தமா வாசிக்கணும்னு வேற சொல்லியிருக்கீங்க. வாசிக்கட்டுமா?"

நைட் ஷிப்ட் தூக்கத்தை விட்டு வந்த சாட்சிகள் அத்தனை பேரும் ஒரே பக்கம் திரும்பினார்கள். நயினார் துண்டறிக்கையை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். தலை மட்டும் சரி என்பதுபோல் மெல்ல அசைந்தது.

சசிகலா எழுதினார். எழுதியதை ஊர் கேட்க வாசித்தார்.

"இருபத்தஞ்சு. கனிஷ்கா. அப்பா மாரிராஜ். தாத்தா, தோழர் நயினார்."