பிரித்துக் காட்டிய பெட்டி

குன்றத்தூரில் பிரசன்னா தன் கடையில் அசெம்பிள் செய்து வைத்திருந்த கேமிங் கம்ப்யூட்டரை மூன்றாவது முறையாகப் பிரிக்கச் சொன்னார், மகனுக்காக அதை வாங்க வந்த சண்முகசுந்தரம்.

“ஃபேன் ஸ்க்ரூ லூசா இருக்கு பாரு தம்பி.”

பிரசன்னா முடுக்கினான்.

“கிராபிக்ஸ் கார்டு புதுசுதானா? டப்பாவைக் காட்டு.”

காட்டினான்.

“பையன் விளையாடும்போது சூடாகி நின்னுடக் கூடாது. ரெண்டு மணி நேரம் கேம் ஓட்டிக் காட்டு.”

ஓட்டினான். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, கேபினெட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

பிரசன்னாவுக்குப் பொறுமை போய்விட்டது. “இவ்ளோ சந்தேகம் கீதுன்னா கம்பெனி கம்ப்யூட்டரே வாங்கிக்கினு போலாமே சார்? ஒரகடம் பக்கத்துலயே பேக்டரி கீது. ஒவ்வொரு பெட்டியும் செக் பண்ணி, ஸ்டிக்கர் ஒட்டித்தான் வெளியவே வுடறான்.”

“ஷிப்டுக்கு ஐந்நூறு பெட்டி வருது. பிரிச்சுப் பாக்க எங்க நேரம்? ஸ்டிக்கர் ஒட்டி முடிக்கவே ஓ.டி. பாக்க வேண்டியிருக்கு.”

“உங்களுக்கு எப்படி சார் தெரியும்?”

“ஒட்டறதே நான்தான்.”

பிரசன்னாவின் முகம் மலர்ந்தது.

“சார், ஒரு நூறு ஸ்டிக்கர் எடுத்துக்கினு வாங்களேன். வர்றவங்க எல்லாம் பிரிச்சுக் காட்டச் சொல்லி உயிர வாங்கறாங்க!”