ஒன்பது மணி நேரம்

"ஐயா, ரெண்டு மணிக்கே இறங்கியிருக்கணும். இப்ப மூணு ஆயிடுச்சு. என் பிள்ளைகிட்டேருந்து இன்னும் போன் வரலை!"

டிராவல்ஸ் ஆபீசுக்குள் ஓடிவந்த அந்த அம்மாவுக்கு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. டிக்கெட் நகலை மேஜைமேல் வைத்தார்.

"காலையில பத்து மணி ப்ளேன்ல கிளம்பினான். நாலு மணி நேரம்தானே? போன் போட்டா அணைச்சு வெச்சிருக்குன்னே வருது. ஈரக்குலையே நடுங்குதுய்யா."

டிக்கெட் போட்டுக் கொடுத்த சீனியர் கம்ப்யூட்டரைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஆபீசில் அவருக்குச் சிடுமூஞ்சி என்றுதான் பெயர். உட்காருங்கள் என்றுகூடச் சொல்லவில்லை மனுஷன்.

விசா விண்ணப்பங்களைப் பார்க்கும் பெண் பக்கத்து மேஜையில் இருந்தாள். வேலைக்குச் சேர்ந்து பத்தே நாள். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏம்மா, உங்க வீட்டுக் கடிகாரத்தைப் பார்த்தா ப்ளேன் ஓட்டுறாங்க?" என்று திடீரென்று சிரித்தார் சீனியர். "டிக்கெட்ல இருக்கிறது அந்த ஊர் ரெண்டு மணி. அந்த ஊர் நமக்கு அஞ்சு மணி நேரம் பின்னாடி. ஏழாயிரம் கிலோமீட்டரை நாலு மணி நேரத்துல தாண்ட அது என்ன ராக்கெட்டா? ஒன்பது மணி நேரம் ஆகும். ஏழு மணிக்கு மேல கூப்பிடுவான், போங்க."

வரிசையில் நின்றவர்களும் சேர்ந்து சிரித்தார்கள்.

அந்த அம்மாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வெட்கமாகவும் போய்விட்டது. "நான் ஒரு கூறுகெட்டவ! காலையிலேருந்து பச்சைத் தண்ணி பல்லுல படலை."

"முதல்ல போய்ச் சாப்பிடுங்க. டிவி கிவின்னு உட்காராம கொஞ்சம் படுங்க. சும்மா இங்க வந்து உயிரை வாங்காதீங்க."

அந்த அம்மா போனார். மற்றவர்களும் வேலை முடிந்து கிளம்பினார்கள்.

பெற்ற வயிற்றின் பதைப்பு இவருக்கு எங்கே தெரியப்போகிறது என்று பொருமினாள் விசாக்காரி. சரியான நேரத்தையாவது அந்த அம்மாவுக்கு அனுப்பி வைப்போம் என்று தன் கம்ப்யூட்டரில் தேடினாள்.

தூரம் இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம் கிலோமீட்டர். பயண நேரம் நாலு மணி நேரம். இரண்டு ஊருக்கும் ஒரே மணி.

அவளால் பொறுக்க முடியவில்லை. "சார், ஆளைக் கேலி பண்ணத் தெரியுது, இதுகூடத் தெரியலையா? நாலு மணி நேரம்தான்! அந்தம்மா சொன்னதுதான் சரி!"

"மெதுவாப் பேசும்மா."

அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. நெற்றியெல்லாம் வியர்த்திருந்தது. தன் திரையை அவள் பக்கம் திருப்பினார்.

"ஒரு மணியிலேருந்து அந்த விமானத்தைப் பத்தி ஒரு தகவலும் இல்லை. தேடிட்டிருக்காங்களாம்."

அவள் குரலைத் தாழ்த்தினாள். "அப்போ... ஏழு மணிக்கு அந்தம்மா வந்து கேட்டா?"

"அதுக்குள்ள ஒரு சேதி வந்துடும். நல்லதோ கெட்டதோ, நானே அவங்க வீட்டுக்குப் போய்ச் சொல்றேன்."

மறுபடி திரையைப் பார்த்தபடி சொன்னார். "அந்தம்மா ஒரு வாய் சாப்பிடட்டும். அதுவரைக்கும் அவங்க பயத்தை நாம படுவோம்."