எட்டாவது கட்டம்

"இந்த வயசுல உனக்கெதுக்கு வீடியோ கேம்?"

"சும்மா இருங்க. அவன் வர்றதுக்குள்ள எட்டாவது கட்டத்துக்குப் போயாகணும்."

பரணில் கிடந்த மகனின் பழைய கேம் பெட்டியை இறக்கி, ஒரு மாதமாக அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள் தையல்காரம்மா. ஊசியில் நூல் கோக்கத் தடுமாறாத விரல், இந்தப் பட்டன்களிடம் திணறியது. பொம்மை மறுபடியும் பள்ளத்தில் விழுந்தது.

"ஆஃப் பண்ணிட்டு மிச்சத்தை நாளைக்கு ஆடேன்," என்றார் கணவர்.

"ஆஃப் பண்ணா மறுபடி முதல்லேர்ந்துதாங்க. அது தெரியாமத்தானே, அன்னிக்கு அவன் குளிக்கப் போனப்ப, கரண்டு வீணாகுதேன்னு ஆஃப் பண்ணித் தொலைச்சேன்."

மாலையில் எட்டாவது கட்டம் வந்தே விட்டது. பாலத்தின் நடுவில் பொம்மையை அப்படியே நிறுத்திவைத்தாள்.

"இந்தப் பாலத்துலதாங்க விட்டிருந்தான். வந்தான்னா இங்கேர்ந்து ஆடிக்கலாம்."

அன்று கத்திவிட்டு, ஈரத் தலையோடு வீட்டைவிட்டுப் போனபோது மகனுக்குப் பதினாறு வயது. இந்த மாதத்தோடு இருபத்தெட்டு. இடையில் ஒரு போன்கூட இல்லை.

அவர் எழுந்துபோய் அவளுடைய தையல் பெட்டியிலிருந்து செலோ டேப்பை எடுத்துவந்தார். யார் கையும் தவறிப் பட்டுவிடாதபடி, சுவிட்சின் மேல் அழுத்தி ஒட்டினார்.