கை மாறிய லஞ்ச் பாக்ஸ்

ஆயாம்மா சாப்பிட்டுக்கொண்டிருந்தது தன் மகளுடைய லஞ்ச் பாக்ஸிலிருந்து என்பது உறைக்க அவளுக்கு இரண்டு நொடி ஆயிற்று.

மகளுக்குத் தடுப்பூசி போடவேண்டிய நாள் என்று மழலைப் பள்ளிக்கு அரை மணி முன்னதாகவே வந்திருந்தாள். சமையலறைக் கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே, கவிழ்த்துப் போட்ட வாளிமேல் உட்கார்ந்து, அவள் விடியலில் எழுந்து மாவு பிசைந்து சுட்ட ரொட்டியை ஆயாம்மா பிய்த்துப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டிருந்தார். மடியில் அந்த மஞ்சள் பெட்டி. வேகவைத்த கேரட், தோல் சீவிய ஆப்பிள் எல்லாம் அதிலேயே.

அப்படியென்றால் மகள் பட்டாணி என்ன சாப்பிடுகிறாள்?

கூடத்தை எட்டிப் பார்த்தாள். ஆறேழு வாண்டுகளுக்கு நடுவே, ஆயாம்மாவின் நசுங்கின எவர்சில்வர் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு பட்டாணி சிரித்துக்கொண்டிருந்தாள். வாயெல்லாம் எண்ணெய். மறு கையில் பாதி கடித்த, பாக்கெட் இறைச்சி சாசேஜ்.

அவள் விருட்டென்று சமையலறைப் பக்கம் திரும்பினாள்.

கோபம் வராதா பின்னே? அந்த சாசேஜுக்குள் என்ன இருக்கிறது என்று அவளைவிட யாருக்குத் தெரியும்? வீட்டுக்காரர் கப்பலில் வேலை பார்க்கிறார். வாரத்துக்கு ஒரு போன், அதுவும் பாதியில் அறுந்துபோகும். வீட்டுக் காலிங்பெல் கடைசியாக எப்போது அடித்தது என்று அவளுக்கே நினைவில்லை. டிவிதான் கதி. மலிவுவிலைப் பாக்கெட்டுகளுக்குள் எதையெல்லாம் திணிக்கிறார்கள் என்று தோலுரிக்கும் நிகழ்ச்சிகளை ஒன்று விடாமல் பார்ப்பாள். எலும்பில் ஒட்டியதையெல்லாம் எந்திரம் வழித்தெடுக்கும் ரோஸ் நிறக் கூழ், அதற்கு ஒரு சாயம், மணத்துக்கு ஒரு பொடி. "அடப்பாவிகளா, அப்படியா!" என்று டிவிக்கே பதில் சொல்வாள். முதல் நிகழ்ச்சி பார்த்த அன்றே ஃப்ரிட்ஜில் இருந்த பாக்கெட்டெல்லாம் குப்பைக்குப் போய்விட்டது. அதற்கப்புறம் பட்டாணி வாய்க்குள் போவதெல்லாம் அவள் கையால் செய்ததுதான்.

அப்படித்தான் நினைத்திருந்தாள்.

"ஆயாம்மா!"

அவர் பதறி எழுந்ததில் வாளி உருண்டது.

"எம் பொண்ணு சாப்பாட்டை நீங்க தின்னுட்டு, அவளுக்கு அந்தக் குப்பையைக் கொடுக்கறீங்களா?"

"தப்புதாம்மா."

"எத்தனை நாளா நடக்குது?"

"பத்துப் பன்னெண்டு நாளா..."

"அதானே பார்த்தேன்! பெட்டி தினமும் கழுவி வச்ச மாதிரி காலியா வருதேன்னு நான் வேற பூரிச்சுப் போய்க் கிடந்தேன். நல்லா இருந்துச்சா ஆயாம்மா? உப்பு, காரம் எல்லாம் சரியா இருந்துச்சா?"

ஆயாம்மா உருண்ட வாளியை எடுத்து நிமிர்த்தி வைத்தார்.

சத்தம் கேட்டு மிஸ் ஓடி வந்தார்.

"மிஸ், ஒண்ணு இவங்க இங்க இருக்கணும், இல்ல எம் பொண்ணு இருக்கணும். இப்பவே சொல்லிடுங்க."

மிஸ் ஆயாம்மாவைப் பார்த்தார். "ஏதாவது சொல்லணுமா ஆயாம்மா?"

"ஒண்ணுமில்லீங்க மிஸ்."

சொல்லிவிட்டு ஏப்ரனின் முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தார்.

அதற்குள் பட்டாணி ஓடிவந்து அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டாள். "ஆயாம்மாவ அனுப்பாதம்மா! நாந்தாம்மா மாத்திக்கிட்டேன்!"

"நீ சும்மா இருடி."

"என்னை யாரும் பக்கத்துல உக்கார விடலம்மா!"

"என்னது?"

மிஸ் தொண்டையைச் செருமினார். "உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாம இருந்தேன். பாப்பா சாப்பாட்டு நேரத்துல ஒவ்வொரு தட்டா எட்டிப் பார்த்து, 'இதுல எலும்புக் கூழ் இருக்கு, இதுல சாயம் இருக்கு'ன்னு அந்த டிவிக்காரர் குரல்லயே விளக்கம் கொடுத்துட்டா. ரெண்டு பேர் அங்கயே வாந்தி எடுத்துட்டாங்க. மத்ததெல்லாம் ஒரே அழுகை. மறுநாள்லேர்ந்து இவ வந்து உக்காந்தாலே மொத்தக் கூட்டமும் எழுந்து ஓடுது. வேற வழியில்லாம தனியா ஒரு நாற்காலி போட்டோம்."

"எங்க?"

மிஸ் கை காட்டினார். மூலையில், சுவரைப் பார்த்து, ஒரு குட்டி நாற்காலி.

அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அழுதுகிட்டே இருந்தேனா, ஆயாம்மாதான் அவங்க டப்பாவக் குடுத்தாங்க," என்றாள் பட்டாணி, மூக்கை உறிஞ்சிக்கொண்டே. "அதுலயும் மத்த பிள்ளைங்க சாப்பிடற மாதிரியே சாசேஜ் இருந்துச்சு. 'பாருங்க, நானும் இதான் சாப்பிடறேன்'னு தின்னு காமிச்சேன். அப்புறம்தான் நகந்து எடம் விட்டாங்க."

அதைக் கேட்டுவிட்டு அவள் ஆயாம்மாவின் பின்னால் போய், அவிழ்ந்து தொங்கிய நாடாக்களைப் பிடித்தாள். மறுபடி இறுக்கி முடிச்சுப் போட்டாள்.

"மிஸ், இவங்க எங்கயும் போக வேண்டாம்."

பிறகு ஆயாம்மாவுக்கு எதிரே வந்து நின்றாள்.

"ஏன் ஆயாம்மா, வேலையே போகப் போகுது, நான் வாய்க்கு வந்தபடி பேசறேன். அப்பவாவது நடந்தது இதுதான்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

ஆயாம்மா பட்டாணியை ஒருமுறை பார்த்துவிட்டு, அம்மாவுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்:

"பாப்பாகிட்ட சத்தியம் பண்ணிக் கொடுத்திட்டேம்மா. 'டிவி மாமா சொன்னதைச் சொன்னதாலதான் என்னை ஒதுக்கிட்டாங்கன்னு தெரிஞ்சா அம்மா டிவிய நிறுத்திடுவாங்க ஆயாம்மா, அப்புறம் எங்கம்மாகூட யாரு பேசுவா?'ன்னு கேட்டுச்சு."