பதினொன்றாம் எண்

சுற்றுலா லாரி கிளம்புமுன் டிரைவர் மாஃபு ஹாரன் அடிப்பார். பயணிகள் வரிசையாகத் தங்கள் எண்ணைச் சொல்ல வேண்டும். பதினெட்டுக் குரலும் வந்தால்தான் வண்டி நகரும். நான் சமையல்காரன், அந்த எண்ணிக்கையில் சேர்த்தியில்லை.

மதியம் மக்கடிக்கடி என்ற பரந்த உப்புவெளியில் நின்றோம். பதினெட்டுக் குரலும் வந்தன, கிளம்பினோம். இரண்டு மணி நேரம் கழித்து, கால்நடை நோய் பரவாமல் தடுக்கும் வேலியருகே காலணிகளை மருந்துத் தண்ணீரில் நனைக்க எல்லோரும் இறங்கினார்கள். பதினேழு பேர்தான் இருந்தார்கள். பதினொன்றாம் எண்காரி ஹன்னெகேயைக் காணவில்லை. அவள் கணவன் யோரிஸ் வழியெல்லாம் தூங்கியிருந்தான். அவளுடைய தண்ணீர்ப் புட்டி இருக்கையிலேயே கிடந்தது.

“அண்ணே, வண்டியத் திருப்புங்க. அந்த வெயில்ல செத்துடுவா,” என்றேன் நான்.

“திருப்பினா நாளைக்குப் படகுச் சவாரி தவறிப் போயிடும். இந்தக் கூட்டம் உன்னைத்தான் வறுத்துத் தின்னும்,” என்றார் மாஃபு. “எதுக்கும் இன்னொரு தடவ எண்ணிப் பாப்போம்.”

எல்லோரும் ஏறியதும் ஹாரன் அடித்தார். எண்கள் வரிசையாக வந்தன. பத்து என்றான் யோரிஸ். காலி இருக்கையிலிருந்து பதினொன்று என்றது ஹன்னெகேயின் குரல். அது மிகவும் வறண்டிருந்தது. பன்னிரண்டாமவர் சற்றுத் தயங்கித்தான் தன் எண்ணைச் சொன்னார்.

பதினெட்டும் முடிந்தது. “என்னப்பா, எல்லாம் சரியா இருக்குல்ல?” என்று மாஃபு யோரிஸிடம் கேட்டார். எல்லோரும் அவனையே பார்த்தார்கள்.

அவன் கடிகாரத்தைப் பார்த்தான். “சரியாத்தான் இருக்கு.”

வண்டி மேற்கே நகர்ந்தது. சாய்ந்த வெயில் அந்தக் காலி இருக்கையில் விழுந்தது. யோரிஸ் எட்டி, அங்கே வெயில் படாதபடி திரையை இழுத்துவிட்டான்.